வெளியீட்டு விழா முடிந்த பிறகு புத்தகத்தை என்ன செய்வது? இலங்கை மலையகத்தில் எழுதுகிறவர்களுக்கு ஒரு கேள்வி

கொட்டகலைக்காரன்

எல்லோருக்கும் வணக்கம். என் முதல் சிறுகதைத் தொகுப்பு அண்மையில் ஹட்டனில் வெளியானது. விழா நன்றாகவே நடந்தது. மங்கள விளக்கு, வரவேற்புரை, நயவுரை, ஆய்வுரை, ஏற்புரை என்று பகல் சாப்பாட்டு நேரத்தையும் தாண்டிப் போனது. வழக்கப்படி முதற்பிரதியை நகரத்து வர்த்தகர் ஒருவர் வாங்கினார், அப்புறம் சிறப்புப் பிரதிகள். வந்தவர்கள் வரிசையில் வந்து என்வலப்பைக் கையில் தந்து, போட்டோவுக்கு நின்று, புத்தகத்தை வாங்கிக்கொண்டு போனார்கள். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டிய மீதிப் பணம் அதிலேயே கழிந்தது. அதற்கு நன்றி சொல்லத்தான் வேண்டும்.

ஆனால் அன்றைக்கு வந்தவர்கள் யார்? பெரும்பாலும் எழுதுகிறவர்கள். அவர்கள் விழாவுக்கு நான் போனேன், என் விழாவுக்கு அவர்கள் வந்தார்கள். கல்யாண மொய் மாதிரி ஒரு கணக்கு. என் கதைகளில் வருகிற சனத்தில் ஒருவர்கூட அந்த மண்டபத்தில் இல்லை. மிச்சப் பெட்டிகள் அம்மாவின் கட்டிலுக்கடியில் கிடக்கின்றன. எங்களுடையது லயம், தோட்டத்து வரிசை வீடு. மழை பிடித்துக்கொண்டால் லயத்துச் சுவரில் ஈரம் இறங்கும், அட்டையெல்லாம் பூஞ்சணம் பூத்துவிடும்.

அதனால் கேட்கிறேன். உங்கள் புத்தகத்தை மண்டபத்துக்கு வெளியே எப்படிக் கொண்டுபோனீர்கள்? புதுவிதமாக ஏதாவது செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள். “பேஸ்புக்கில் போடு” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடாதீர்கள். போட்டாயிற்று. “வாழ்த்துகள் தம்பி” என்று எழுதியவர்களில் பாதிப்பேர் இன்பாக்ஸில் வந்து பிடிஎஃப் இருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

மேசைவிளக்கு

எழுதுவது எழுத்தாளன் வேலை, விற்பது பதிப்பகத்தின் வேலை. நல்ல எழுத்து தாமதமாகவாவது போய்ச் சேரும். டிக்டொக்கில் ஆடி விற்கிற புத்தகத்தை நான் காசு கொடுத்து வாங்க மாட்டேன், யாராவது சும்மா தந்தாலும் யோசிப்பேன்.

கொட்டகலைக்காரன்

ஐயா, எனக்கு ஏது பதிப்பகம்? நானேதான் பதிப்பகம், நானேதான் லொறி.

பழைய கம்பாசிடர்

தம்பி, நான் கண்டியில் ஈய எழுத்துக் கோத்த காலத்து ஆள். மேசைவிளக்கு ஐயா எழுதியதைப் பார்த்ததும் சிரிப்பு வந்துவிட்டது. மலையகத்தில் எழுதியவனே தூக்கிக்கொண்டு போகாமல் எந்த எழுத்து தோட்டத்துக்குள் போயிருக்கிறது?

1869இல் ஆபிரகாம் ஜோசப் ‘கோப்பிக் கிருஷிக் கும்மி’யை அச்சில் கொண்டுவந்தார். தேயிலை அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கியிருந்தது, எங்கும் கோப்பிதான். பயிர்ச்செய்கை விஷயத்தைக் கும்மியாக ஏன் எழுத வேண்டும்? படிக்கத் தெரியாதவர் காதிலும் ஏற வேண்டும் என்பதுதான் என் ஊகம்.

அப்புறம் தோட்டத் தொழிலாளர்களுக்குச் சங்கம் கட்டிய கோ. நடேசையர். வெளியாள் தோட்டத்துக்குள் காலடி வைக்க முடியாத காலத்தில் புடவை வியாபாரி மாதிரி மூட்டையோடு உள்ளே போனவர் என்று சொல்வார்கள். அவருடைய மனைவி மீனாட்சியம்மாள் கூட்டங்களில் முதலில் பாட்டுப் பாடுவார். சனம் சேர்ந்த பிறகுதான் பேச்சு. அந்த அம்மாவின் பாட்டுகள் 1940இல் சிறு புத்தகமாக வந்தன. இதில் இருக்கிற சூட்சுமத்தைக் கவனி. மலையில் நின்று காதால் கேட்ட பாட்டு கையில் அச்சாகக் கிடைக்கிறது. கேட்டவன்தான் வாங்குகிறான். நாம் தலைகீழாக, முதலில் வாங்கு, பிறகு வாசித்துப் பார் என்கிறோம்.

யாழ்ப்பாணத்தில் டொமினிக் ஜீவா 1966இல் ‘மல்லிகை’யைத் தொடங்கி, இதழைப் பையில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக நடந்து கையாலேயே விற்றார். அவர் இலக்கியத்தின் மதிப்பைக் கெடுத்தார் என்று ஒருவரும் சொன்னதில்லை.

உனக்கு ஒரு வேலை சொல்கிறேன். தொகுப்பிலிருந்து ஒரே ஒரு கதையை எடு. டெமி அளவில் 16 பக்கம் என்றால் அது ஒரு பாரம். ஒரு தாளை மடித்து, நடுவில் இரண்டு பின் அடித்தால் முடிந்தது. தைக்கவும் வேண்டாம், ஒட்டவும் வேண்டாம். கடைசிப் பக்கத்தில் முழுப் புத்தகத்தின் அட்டைப் படம், விலை, போன் நம்பர். 2022 பொருளாதார நெருக்கடிக்குப் பிறகு தாள் விலை ஏறிய ஏற்றத்தில் முழுப் புத்தகத்தைச் சும்மா கொடுக்க யாராலும் முடியாது. ஒரு பாரத்தை நூறு ரூபாவுக்குள் கொடுத்துவிடலாம். அந்தக் காலத்தில் பாட்டுப் புத்தகக்காரர்கள் சந்தையிலும் ரயிலிலும் பாடிப் பாடி விற்றது இதே ஒரு பாரத்தைத்தான்.

லிந்துலை மழை

கம்பாசிடர் ஐயா சொல்வது பழங்கதை இல்லை, இன்றைக்கும் நடக்கும். நாங்கள் சிலர் சேர்ந்து ஒரு தோட்டக் கோயில் திருவிழாவில் கவிதைப் புத்தகத்தோடு கடை போட்டோம். வளையல் கடைக்கும் முறுக்குக் கடைக்கும் நடுவில் ஒரு மேசை.

முதல் நாள் ஒருவரும் கிட்ட வரவில்லை. தூர நின்று பார்த்துவிட்டு, “இவுங்க எந்தச் சங்கம்?” என்று வளையல்காரரிடம் விசாரித்தார்கள். மேசையில் வெள்ளைத் துணி விரித்து, புத்தகத்தை அடுக்கி, பக்கத்தில் பற்றுச்சீட்டுப் புத்தகத்தையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் தொழிற்சங்கச் சந்தாவுக்கு ஆள் பிடிக்க வந்தவர்கள் மாதிரித்தான் தெரியும். அடுத்த நாள் துணியை மடித்து வைத்துவிட்டோம். ஒரு கவிதையைப் பெரிய தாளில் கொட்டை எழுத்தில் எழுதிக் கயிற்றில் தொங்கவிட்டோம். கொழுந்து நிறுக்கும்போது தராசில் கழிக்கிற கிலோவைப் பற்றிய கவிதை.

ஒரு அம்மா வந்து நின்றார். மகளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார். பிள்ளை சத்தமாக வாசித்தது. “திரும்ப வாசி” என்றார். இரண்டாவது தடவை வாசித்து முடிப்பதற்குள் சுற்றிக் கூட்டம். “யார் எழுதினது?” நான்தான் என்றால் நம்பவில்லை. எந்தத் தோட்டம், எந்த டிவிசன், எந்த லயம், அப்பா பேர் என்ன, தாத்தா எந்தக் கங்காணி கணக்கில் வேலை செய்தார் என்று ஒரு விசாரணை. கடைசியில் என் அம்மாவோடு ஒரே மலையில் கொழுந்து எடுத்த ஒருவர் வந்து “அட, நம்ம புள்ள” என்று சொன்ன பிறகுதான் முந்தானை முடிச்சு அவிழ்ந்தது.

ஆனாலும் அதிகம் வாங்கியது யார் தெரியுமா? கொழும்பில் கடைகளிலும் ஹோட்டல்களிலும் வேலை செய்துவிட்டுத் திருவிழாவுக்கு வந்த பையன்கள். கையில் காசும் இருந்தது, ஊரைப் பற்றிய எதையாவது கொண்டுபோக வேண்டும் என்ற ஆசையும் இருந்தது. ஒருவன் தன் அறையில் இருக்கிற கூட்டாளிகளுக்கும் சேர்த்து வாங்கினான். தோட்டத்தில் இருக்கிறவர்களுக்குச் சம்பளம் 10ஆம் திகதியை ஒட்டித்தான். திருவிழா மாதக் கடைசியில் விழுந்தால் மேசையைத் தூக்கிக்கொண்டு போகவே வேண்டாம்.

இன்னொன்று, ஒலிபெருக்கி. திருவிழாக் கமிட்டியில் ஒரு அண்ணன், காணாமற்போன பிள்ளை அறிவித்தலுக்கும் உபயகாரர் பெயர்களுக்கும் நடுவில் எங்கள் புத்தகத்தைப் பற்றியும் சொல்லிக்கொண்டே இருந்தார். நாங்கள் கேட்கக்கூட இல்லை. எந்த எப்.எம். விளம்பரமும் அவ்வளவு வேலை செய்திருக்காது.

பொலித்தீன் பை கொண்டுபோக மறக்காதீர்கள். நம்மூர் வானத்தை நம்ப முடியாது.

ஆட்டோ அண்ணன்

நான் எழுதுகிற ஆள் இல்லை, வாசிக்கிற ஆள். என் ஆட்டோவில் சீட்டுக்குப் பின்னால் உள்ள பையில் எப்போதும் ஒரு கதைப் புத்தகம் இருக்கும். ஹட்டனிலிருந்து தோட்டத்துக்குப் போய்ச் சேர்வதற்குள் ஆள் பாதிக் கதை வாசித்துவிடும். இறங்கும்போது மனசு வராது. “கொண்டு போங்க, அடுத்த முறை காசு தாங்க” என்பேன். தந்துவிடுவார்கள். ஒரே ஒருவர் தரவில்லை. அவர் இப்போது என் ஆட்டோவைக் கண்டால் பஸ்ஸில் ஏறிவிடுகிறார்.

கொட்டகலைத் தம்பி, புத்தகம் தந்தால் வைக்கிறேன். கமிஷன் வேண்டாம். ஆனால் ரோட்டைப் பற்றி ஒரு கதையாவது இருக்க வேண்டும்.

நோர்வூட் டீச்சர்

பாடசாலையை ஒருவரும் சொல்லவில்லை என்பது ஆச்சரியமாக இருக்கிறது. ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். எல்லாப் பாடசாலைகளிலும் கண்காட்சி, பேச்சு, நாடகம் என்று ஏதாவது செய்தே ஆக வேண்டும். அதிபர்களும் நூலகப் பொறுப்பாசிரியர்களும் “யாரைக் கூப்பிடுவது?” என்று ஓடித் திரிவார்கள். அந்தத் தோட்டத்திலேயே பிறந்து எழுதுகிற ஒருவர் ஓகஸ்ட் மாதமே கடிதம் கொடுத்தால் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஆனால் எழுத்தாளர்கள் ஒக்டோபர் கடைசி வாரம் போன் எடுத்து “சேர், இந்தக் கிழமை வரலாமா?” என்று கேட்கிறார்கள்.

வந்தால் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். தயவுசெய்து “வாசிப்பின் பயன்கள்” பற்றிப் பேசாதீர்கள். பிள்ளைகள் அதைக் கட்டுரையாகவே பலமுறை எழுதிவிட்டார்கள். கதையை வாசியுங்கள். எங்கள் பாடசாலைக்கு வந்த ஒருவர், ஒரு பையன் அட்டைக்கடியோடு மழையில் தொலைந்த மாட்டைத் தேடிப் போகிற கதையை வாசித்தார். மாட்டுச் சத்தம் கேட்கிற இடத்தில் புத்தகத்தை மூடிவிட்டு, “நூலகத்தில் ஒரு பிரதி வைத்துவிட்டுப் போகிறேன்” என்று கிளம்பிவிட்டார். தரம் 9 பிள்ளைகள் அவரை வாசல் வரை துரத்தினார்கள். அந்தப் பிரதி இப்போது கையில் எடுக்க முடியாத நிலையில் இருக்கிறது, நடுப்பக்கங்கள் கழன்றுவிட்டன. பெயர் எழுதி எடுக்கும் கொப்பியில் சில பெயர்களுக்குப் பக்கத்தில் “அம்மாவுக்கு” என்று பிள்ளைகளே எழுதியிருக்கிறார்கள்.

பிள்ளைகளிடம் நேரடியாகக் காசு கேட்காதீர்கள். “நாளைக்குப் பணம் கொண்டு வாங்க” என்று ஒரு ஆசிரியர் சொன்னால் அன்றிரவு எத்தனை வீட்டில் சண்டை வரும் என்று எங்களுக்குத்தான் தெரியும். பாடசாலை நூலகத்துக்கு வாங்க வையுங்கள். அதற்குத் தர உள்ளீட்டு நிதி என்று பாடசாலைகளுக்கு அரசு தருகிற பணம் இருக்கிறது. முறையான பில் வேண்டும், ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண் வேண்டும். அந்த எண்ணைத் தேசிய நூலக ஆவணமாக்கல் சேவைகள் சபையில் எடுக்கலாம், 978-955 அல்லது 978-624 என்று தொடங்கும். பாடசாலை நூலகத்துக்கு ஏற்றது என்ற கல்வி வெளியீட்டுத் திணைக்கள அங்கீகாரத்தையும் சில அதிபர்கள் கேட்பார்கள், அதற்கு முன்கூட்டியே விண்ணப்பித்து வையுங்கள்.

பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியையும் மறக்காதீர்கள். அங்கே பயில்கிற பிள்ளைகள் நாளைக்கு எத்தனையோ தோட்டப் பாடசாலைகளுக்குப் போகப் போகிறவர்கள். ஒருத்திக்குப் பிடித்துவிட்டால் புத்தகம் அவளோடு ஒரு மலைக்குப் போய்ச் சேரும்.

கொட்டகலைக்காரன்

டீச்சர், ஐ.எஸ்.பி.என். இருக்கிறது. பில் புத்தகம்தான் இல்லை. அடிக்கிறேன்.

விலைதான் உறுத்துகிறது. 800 ரூபா போட்டிருக்கிறேன். அதற்குக் குறைத்தால் கையைக் கடிக்கும். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபா ஆனது, 2024இல் 1,350. அந்தக் கணக்கில் பார்த்தால் அரை நாளைக்கு மேல் மழையிலும் வெயிலிலும் நின்று எடுத்த கொழுந்து என் ஒரு புத்தகம். அதை அம்மாமாரிடம் எந்த முகத்தோடு நீட்டுவது?

லிந்துலை மழை

நீட்டத்தான் வேண்டும். அந்த அம்மா மகளுக்கு வளையல் வாங்கும்போது அரை நாள் கூலி என்று கணக்குப் பார்ப்பதில்லை. நாம்தான் அவர்களுக்காகக் கணக்குப் பார்த்து, “இவர்களுக்குக் கட்டாது” என்று முடிவுகட்டிவிட்டு, வாங்கக்கூடிய ஒரு பொருளாகக்கூட அவர்கள் முன்னால் வைக்காமல் விடுகிறோம். தவணையில் கொடுக்கலாம். தீபாவளி அட்வான்ஸ் வருகிற நேரம் பார்த்துக் கொடுக்கலாம். நூறு ரூபாக் குட்டிப் புத்தகத்தோடும் தொடங்கலாம். வேண்டாம் என்றால் அவர்களே சொல்வார்கள், அதற்கு அவர்களுக்கு வாய் இருக்கிறது.

வெள்ளவத்தையில் ஒருத்தி

பூண்டுலோயாப் பிள்ளை, இப்போது கொழும்பில் ஒரு விளம்பர நிறுவனத்தில் வேலை. சவர்க்காரமும் டேட்டா கார்டும் விற்கிற மூளையைக் கொஞ்சம் உங்களுக்கும் தருகிறேன்.

முதலில் குரல். ஒவ்வொரு தோட்டத்துக்கும் குறைந்தது ஒரு வட்ஸ்அப் குழு இருக்கிறது. மரண அறிவித்தல், தண்ணீர் வராத செய்தி, கோயில் வரி எல்லாம் அதில்தான். அங்கே புத்தக அட்டையைப் போட்டால் “நல்வாழ்த்துகள்” என்ற பூங்கொத்துப் படம்தான் பதிலாக வரும். ஒரு கதையின் தொடக்கத்தை மூன்று, நான்கு நிமிடக் குரல் பதிவாகப் போட்டுப் பாருங்கள். என் நண்பர் ஒருவருடைய நாவலுக்கு இதைச் செய்தோம். வானொலிக் குரல் உள்ள அறிவிப்பாளரை வைத்துப் பதிவு செய்ததை யாரும் முன்னனுப்பவில்லை. அப்புறம் என் பெரியம்மாவை வாசிக்க வைத்தோம். ஓய்வு பெற்ற கொழுந்துக்காரி, எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பார். நடுவில் நிறுத்தி, “இது சரியாத்தான் எழுதியிருக்கான், தொரை இப்பிடித்தான் பேசுவாரு” என்று தோட்டத்து மனேஜரைப் பற்றித் தன் கருத்தையும் சொல்லிவிட்டார். வெட்டவில்லை, அப்படியே அனுப்பினோம். அது எங்கெங்கோ சுற்றிவிட்டு எங்கள் குடும்பக் குழுவுக்கே திரும்பி வந்தது. மலையில் படங்கு கட்டின இடுப்பில் போனைச் செருகிக்கொண்டு நிரையில் நிற்கிற பெண்கள் அதைப் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கை வேலை செய்யும்போது காதுக்கு வேலை இல்லை. புத்தகம் அந்த இடத்துக்குப் போக முடியாது, குரல் போகும்.

அடுத்தது தோட்டத்தின் பெயர். “மலையக மக்களின் வாழ்வைச் சித்திரிக்கும் நாவல்” என்று போட்டால் யாருக்கும் ஒன்றும் தோன்றாது. எல்லாப் புத்தகத்துக்கும் பின்னட்டையில் அதைத்தானே போடுகிறோம். “இந்தக் கதை நடப்பது நானுஓயா ஸ்டேஷனுக்கும் நம்ம தோட்டத்துப் பாலத்துக்கும் நடுவில்” என்று போட்டால் அந்தத் தோட்டத்தில் பிறந்து இப்போது கட்டாரில் இருப்பவன்கூட நின்று பார்ப்பான். கதையில் வருகிற இடங்களையெல்லாம் பட்டியல் போடுங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு படம், கதையிலிருந்து இரண்டு வரி. அந்தந்த ஊர்க் குழுவில் அந்தந்தப் படத்தை மட்டும் போடுங்கள். எல்லாக் குழுவிலும் எல்லாவற்றையும் கொட்டினால் தூக்கிவிடுவார்கள்.

இப்போது சிக்கலான விஷயம். ஆர்டர் வந்துவிட்டது, எப்படி அனுப்புவது? லயத்தில் பலருக்குத் தனி முகவரி கிடையாது. தபால் தோட்ட ஆபீஸ் வழியாகத்தான் வரும், எப்போது வரும் என்பது யார் கையில் போகிறது என்பதைப் பொறுத்தது. கூரியர்காரர் போன் எடுத்து “மெயின் ரோட்டுக்கு வாங்க” என்பார், அதற்கு ஒருவர் அரை நாள் வேலையை விட வேண்டும். நாங்கள் ஒவ்வொரு டவுனிலும் தெரிந்த ஒரு கடையைப் பிடித்தோம். தலவாக்கலையில் ஒரு தையல் கடை, பொகவந்தலாவயில் போன் ரீலோட் போடுகிற கடை. காசை அங்கே கட்டிப் புத்தகத்தை வாங்கிக்கொள்ளலாம். சம்பளத்துக்கு அடுத்த ஞாயிறு எல்லோரும் டவுனுக்கு வரத்தானே போகிறார்கள்? ரீலோட் கடைத் தம்பிக்கு ஒரு புத்தகத்துக்கு இவ்வளவு என்று கொடுத்தோம். வாங்க வந்தவர்களிடம் அவனே கதையைச் சொல்லத் தொடங்கிவிட்டான், முடிவு உட்பட. அதைத்தான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது.

பத்திரிகைக்கும் வானொலிக்கும் நாள் பார்த்துப் போங்கள். “என் புத்தகத்துக்கு விமர்சனம் போடுங்கள்” என்று இரண்டு பிரதியை அனுப்பிவிட்டுக் காத்திருக்க வேண்டாம். முல்லோயாத் தோட்ட வேலைநிறுத்தத்தில் தொழிலாளி கோவிந்தன் பொலிஸாரால் சுடப்பட்டது 1940 ஜனவரி 10. மே 21 ஐ.நா.வின் தேயிலை தினம், தொழிற்சங்கங்கள் கொண்டாடுவது டிசம்பர் 15. அந்த வாரங்களில் ஞாயிறு மலர்களுக்கு மலையகம் பற்றிய எழுத்து தேவைப்படும். நாளோடு தொடர்புள்ள ஒரு நல்ல கட்டுரையை இரண்டு வாரம் முந்தியே அனுப்புங்கள், அடியில் ஒரு வரியில் உங்கள் புத்தகத்தின் பெயர் இருக்கட்டும். 2023இல் நம் சனம் இங்கே வந்து 200 வருடம் என்பதை நினைத்து, மலையகம் 200 என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி போனபோது இதைச் சரியாகச் செய்தவர்களுக்குக் கொழும்பிலும் வடக்கிலும் புது வாசகர்கள் கிடைத்தார்கள்.

மேசைவிளக்கு

குரல் பதிவு விஷயத்தை ஒத்துக்கொள்கிறேன். கதை சொல்வது நம் வழக்கம்தான், அதில் குறையில்லை.

ஆனால் தோட்டத்தின் பெயரைத் தூண்டிலாகப் போடுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது, விளம்பரக்காரர்களுக்கு அது தெரியாது. நாங்கள் எழுதுவது கற்பனை என்று நாங்கள் சொல்லலாம். அந்தத் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை “என்னைத்தான் எழுதியிருக்கான்” என்று வந்து நின்றால்? எழுதியவன் கொழும்பிலோ கனடாவிலோ இருப்பான். அவனுடைய அம்மா அங்கே பேர் போட்டு வேலைக்குப் போய்க்கொண்டிருப்பார். அடுத்த நாள் கொழுந்தெடுக்க அவருக்கு எந்த மலை கிடைக்கும் என்று நினைக்கிறீர்கள்?

வெள்ளவத்தையில் ஒருத்தி

இது நியாயமான பேச்சு. குற்றம் நடக்கிற கதைக்குத் தோட்டத்தின் பெயரைச் சொல்லி விளம்பரம் செய்ய வேண்டாம். ஸ்டேஷன், பாலம், கோயில், ஆறு, பழைய தியேட்டர் இப்படிப் பொது இடங்களை வைத்துக்கொள்ளலாம். கதைக்குள்ளே பெயரை மாற்றியிருந்தால் வெளியிலும் மாற்றின பெயர்தான்.

கூடலூர்ப் பேரன்

நான் நீலகிரி மாவட்டம். தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்ப இரண்டு அரசும் போட்ட 1964 ஒப்பந்தத்தில் எங்கள் தாத்தா பேர் விழுந்து, தலைமன்னாரிலிருந்து ராமானுஜம் கப்பலில் வந்தவர். எங்கள் மாதிரிக் குடும்பங்களுக்காகவே 1968இல் அரசு தேயிலைத் தோட்டம் போட்டார்கள், டான்டீ என்று சொல்வோம். கூடலூர், கோத்தகிரி, குன்னூர் எங்கும் எங்கள் ஆட்கள். நீங்கள் உங்கள் வாசகர்களை எண்ணும்போது எங்களை எண்ணவே மாட்டேன் என்கிறீர்களே, ஏன்?

மலையக எழுத்தாளர் தெளிவத்தை ஜோசப் அய்யாவுக்கு 2013இல் கோவையில் விஷ்ணுபுரம் விருது கொடுத்த பிறகுதான் எங்களில் பலருக்கு அவரைத் தெரிந்தது. அதற்கு முன்னால் எங்கள் தாத்தாவின் மலையை எழுதின புத்தகம் ஒன்று இருக்கிறது என்றே எங்களுக்குத் தெரியாது.

அங்கிருந்து ஒரு புத்தகத்தைத் தபாலில் வரவழைத்தால் தபால் செலவு புத்தக விலையைத் தாண்டிவிடுகிறது. அதனால் இந்தியாவிலேயே தேவைக்கேற்ப அச்சடிக்கிற ஆட்களிடம் கோப்பைக் கொடுத்துவிடுங்கள், ஆர்டர் வர வர அடித்து அனுப்புவார்கள். ஜனவரியில் சென்னைப் புத்தகக் காட்சி நடக்கும், தெரிந்த பதிப்பகத்தின் கடையில் நான்கு பிரதி வைத்தாலும் போதும். கிண்டிலில் தமிழ் புத்தகம் போடலாம், ஆனால் தாத்தாவுக்குக் கிண்டில் எங்கே தெரியும்? அந்த அக்கா சொன்ன பெரியம்மா குரல் பதிவை எனக்கு அனுப்பி வையுங்கள். எங்கள் பக்கத்துக் குழுக்களில் போட நான் பொறுப்பு. அந்தப் பேச்சு கேட்டால் தாத்தா அழுதுவிடுவார், அப்புறம் புத்தகம் வாங்கச் சொல்லி எங்களை விடமாட்டார்.

கொட்டகலைக்காரன்

தம்பி, கண் கலங்கிவிட்டது. என் தாத்தாவின் தம்பி குடும்பமும் கோத்தகிரிப் பக்கம்தான் போனது. தனியாக எழுதுகிறேன்.

பிடிஎஃப் கேட்கிறவர்களுக்கு என்ன பதில் சொல்வது என்று யாரும் சொல்லவில்லையே?

பழைய கம்பாசிடர்

ஒரு கதையைப் பிடிஎஃப்பாகக் கொடு, புத்தகத்தைக் கொடுக்காதே. பிரதி எல்லாம் தீர்ந்து, மறுபடி அச்சடிக்கிற எண்ணமும் இல்லை என்றால் அப்போது ‘நூலகம்’ என்கிற இணையத்தளத்துக்குக் கொடுத்துவிடு. 2005இலிருந்து நம் புத்தகங்களைச் சேர்த்து வைத்திருக்கிறார்கள். அது இல்லாவிட்டால் நான் கோத்த புத்தகங்களில் பலவற்றை நானே திரும்பப் பார்த்திருக்க மாட்டேன். பேராதனைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைக்கும் இரண்டு பிரதி அனுப்பு. ஆய்வுக்குத் தலைப்புத் தேடுகிற பிள்ளைகள் எடுப்பார்கள், ஒரு ஆய்வு வந்தால் அதைப் பார்த்து நான்கு பேர் தேடுவார்கள்.

குட்டிப் புத்தகத்துக்கு எந்தக் கதை?

கொட்டகலைக்காரன்

இரண்டு கதை கையில் இருக்கிறது. ஒன்று குளவி கொட்டி இறந்துபோன ஒரு அம்மாவைப் பற்றியது. தொகுப்பில் எல்லோரும் பாராட்டியது அதைத்தான். இன்னொன்று, பொங்கலுக்குக் கொழும்பிலிருந்து வருகிற பையன் வாங்கி வந்த டீவி, கரண்ட் இல்லாத லயத்தில் படுகிற பாடு. அது சிரிப்புக் கதை.

நோர்வூட் டீச்சர்

டீவி. திருவிழாவில் போய் மரணத்தை விற்காதீர்கள். குளவிக் கதை எங்கள் தோட்டங்களில் ஒவ்வொரு வருடமும் நடக்கிறது, சனம் அதைக் காசு கொடுத்துத் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. சிரிப்புக் கதையைப் பிடித்துக்கொண்டு முழுப் புத்தகத்துக்கு வரட்டும், குளவிக் கதை அங்கே இருக்கும்.

மேசைவிளக்கு

எனக்கு இதில் உடன்பாடில்லை. சிறந்த கதையைத்தான் முன்னால் வைக்க வேண்டும். வாசகன் அழுவதற்குத் தயாராக இல்லை என்று நாமே தீர்மானிப்பதும் ஒருவகையில் அவனை மட்டமாக எண்ணுவதுதான். லிந்துலைப் பிள்ளை கயிற்றில் தொங்கவிட்ட கவிதை சிரிப்புக் கவிதையா?

லிந்துலை மழை

இல்லை ஐயா. ஆனால் அது கோபக் கவிதை. கோபம் திருவிழாவில் விற்கும்.

ஆட்டோ அண்ணன்

டீவிக் கதையில் ரோடு வருகிறதா?

கொட்டகலைக்காரன்

வருகிறது அண்ணே. டீவி ஆட்டோவில்தான் போகிறது. பாதி வழியில் ரோடு முடிந்துவிடும்.

ஆட்டோ அண்ணன்

அப்ப அதுதான்.

பழைய கம்பாசிடர்

சரி, டீவி. 16 பக்கத்துக்குள் அடங்க வேண்டும், 17 ஆனால் செலவு ஏறிவிடும். எழுத்து 13 புள்ளிக்குக் குறையக் கூடாது, விளக்கு வெளிச்சத்தில் கண்ணாடி இல்லாமல் வாசிக்கிறவர்கள் இருக்கிறார்கள். அட்டைக்கு நான்கு நிறம் வேண்டாம், மஞ்சள் தாளில் கறுப்பு மட்டும். சங்கக் கொடி நிறம் எதுவும் வந்துவிடாமல் பார்த்துக்கொள். கோப்பை வெள்ளிக்கிழமைக்கு முன் அனுப்பு, ஒரு தடவை எழுத்துப்பிழை பார்த்துத் தருகிறேன். போன் நம்பரை நீயே இரண்டு தடவை சரிபார், அதில் பிழை விட்டால் நான் பொறுப்பில்லை.